பட்டினித் துப்பாக்கி

போலீஸ் படம் ஒன்று ஆரம்பிக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டாலே எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்கு இடுப்பொடியும். காக்கிக்கு நான், துப்பாக்கிக்குப் பக்கத்து வீடு. நான் காக்கி உடுப்புத் தைத்துப் படக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டுகிறவருக்குப் படம் முடிவதற்குள் இடுப்பு ஒரு சுற்று பெருத்துவிடும். திருடனைத் துரத்தும்போது சரியாகப் பின்பக்கம் தையல் விடும். பழி மட்டும் தையற்காரி தலையில் விழும். அந்த வயிற்றெரிச்சலைக் கொட்ட எனக்கு இருந்த ஒரே இடம் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும்.

அந்த வீட்டுக்காரரைத் துப்பாக்கியண்ணன் என்பார்கள். பார்த்தால் ஒரு எறும்பை நசுக்கியவர் என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள். அவருடைய இரும்புப் பெட்டியில்தான் இன்ஸ்பெக்டர் துப்பாக்கி, ஏட்டு துப்பாக்கி, ரவுடி துப்பாக்கி எல்லாம் பழந்துணி சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். "பொட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் அவங்களுக்குள்ள சண்டையே கெடையாது காக்கியக்கா. நம்மாளுங்க கையில குடுத்தாத்தான் வம்பு" என்பார்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் புரியாது. ஒரு இன்ஸ்பெக்டருக்கு ஒரே மாதிரி இரண்டு மூன்று துப்பாக்கி வேண்டும். கிட்டத்தில் காட்டவும் சுடவும் இரும்பில் ஒன்று. ஓட, விழ, பிடியால் மண்டையில் அடிக்க ரப்பரில் வார்த்தது. இரும்பில் போடுகிற தோட்டாவில் ஈயம் இருக்காது, மருந்து மட்டும்தான். அதனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் வாயிலிருந்து சீறி வரும் நெருப்பும் காற்றும் ஒரு கை தூரத்தில் இருந்தால் தோலை உரித்துவிடும்.

ரப்பருக்கு இரும்பின் முகத்தைக் கொடுப்பது அண்ணனின் மனைவி. கறுப்புச் சாயம் பூசி, காய வைத்து, பென்சில் கரியைப் பொடித்து விரலால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுவாள். பத்து விரலும் எப்போதும் கறுத்தே கிடக்கும், அதனால் நான் வைத்த பெயர் மைக்காரி. சும்மா பூசிவிட்டுப் போகிற ஆளில்லை அவள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு சரித்திரம் வைத்திருப்பாள்.

"இன்ஸ்பெக்டரு உறையில வச்சு வச்சு எடுக்குறவரு. அதனால மூக்கு ஓரம் வெளுத்திருக்கணும். ரவுடி இடுப்புல சொருகுறவன், வேர்வை பட்டு பிடியெல்லாம் துருவேறி இருக்கணும். ஏட்டய்யா இருக்காரே, அவரு ஆயுசுக்கும் ஒரு தடவை எடுத்திருக்க மாட்டாரு. அது புதுசாவே இருக்கட்டும், பாவம்."

"படம் பாக்க வர்றவன் துப்பாக்கி மூக்கையா பாக்கப் போறான்? போடி வேலையத்தவளே."

"நீங்க மட்டும் சட்டைக்கு உள்பக்கம் ஏன்க்கா ரெட்டைத் தையல் போடுறீங்க? அதை எவன் பாக்கப் போறான்?"

என் வாயை அடைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டில் மூன்றாவது ஆள் மைக்காரியின் தம்பி. படங்களில் சுடப்பட்டுச் சாகிறவன். பெயரே குண்டடி. வசனம் பேசுவதற்கு முன்பே அவனைச் சுட்டுவிடுவார்கள். பேசாமல் மாடியிலிருந்து விழுவான், ஜீப்பிலிருந்து விழுவான், சாக்கடையில் விழுவான். சாயங்காலம் என் வாசலில் வந்து நின்று, "காக்கியக்கா, இன்னைக்கும் செத்துட்டேன். உங்க சட்டையில ரெண்டு ஓட்டை. கோச்சுக்காதீங்க, செத்தவன்கிட்ட கணக்குக் கேக்கக் கூடாது" என்பான். அக்கா பெற்ற பிள்ளை மாதிரி அவன் அந்த வீட்டில் வளர்ந்தான். அண்ணன் அவனை மச்சான் என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லில் மகனே என்றுதான் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் படமெடுக்கும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அங்கே நின்று "தோட்டா போட்டாச்சு" என்று கத்தினால் பெண்கள் அலறுவார்கள், கூட்டம் சிதறும். அதனால் துப்பாக்கி வேலைக்காரர்களுக்குள் ஒரு பேச்சு. தோட்டா போட்ட துப்பாக்கி 'சாப்பிட்டாச்சு'. போடாதது 'பட்டினி'. கையில் கொடுக்கும்போது திறந்து காட்டிச் சொல்ல வேண்டும், வாங்குகிறவனும் உள்ளே பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அண்ணன் மட்டும் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

காது எப்போது போக ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. காலமெல்லாம் பக்கத்திலேயே வெடித்த மருந்து, ஒரே நாளிலா கொண்டுபோகும்? முதலில் மைக்காரி கத்திப் பேச ஆரம்பித்தாள். "டீ ஆறுதுங்க!" என்று அவள் கத்தினால் நான் என் டம்ளரைத் தேடுவேன். அப்புறம் திடீரென்று அந்த வீட்டில் சத்தமே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை முறித்துக்கொண்டார்களோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தால் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வாய் அசைகிறது, குரல் இல்லை. அவர் அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

"என்னடி இது, ஊமை நாடகம் நடத்துறீங்க?"

அவள் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெதுவா பேசுங்கக்கா. அவருக்குக் காது சுத்தமா போயிடுச்சு. கத்துனா சந்துக்கே தெரியுதுன்னு இப்படிப் பழகிட்டோம். உதட்டைப் பார்த்தா என் பேச்சு முழுசும் புரிஞ்சுக்குவாரு. மத்தவங்க பேசுனா பாதி. மீசைக்காரங்க பேசுனா ஒண்ணும் புரியாது."

"டாக்டரைப் பார்க்கலையா?"

"பார்த்தாச்சு. நரம்பே செத்துப்போச்சாம். வெளியில சொல்லிடாதீங்கக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். செவிடன் கையில எவன் துப்பாக்கியக் குடுப்பான்? பொட்டிச் சாவியைப் புடுங்கிட்டா அந்த மனுஷன் ஒடஞ்சே போயிடுவாரு. நான் கூடவே போறேன். சாயம் தொட்டுவிடற சாக்குல பக்கத்துலயே நிப்பேன். என்ன சொன்னாலும் முழங்கையைத் தொட்டுத் திருப்பி, வாயசைச்சிடுவேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். அந்த விஷயத்தில் மட்டும் மூச்சு விடவில்லை.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. குண்டடிக்கு முதல்முறையாக வசனம் கொடுத்திருந்தார்கள். போலீசுக்குத் துப்புச் சொல்கிறவன் வேஷம். இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்து, பழைய கிடங்கில் வைத்துத் துப்பாக்கியை முகத்துக்கு நேரே நீட்டி மிரட்டுவார். அவன் தரையில் கிடந்தபடி கெஞ்ச வேண்டும். ஒரு வாரமாக வீட்டையே இரண்டாக்கிவிட்டான். அக்காவை இன்ஸ்பெக்டராக நிறுத்தி, கரண்டியைக் கையில் கொடுத்து, அவள் காலடியில் விழுந்து கெஞ்சிப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம் கோவமா பாருக்கா, எனக்கு அழுகையே வர மாட்டேங்குது" என்பான். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்றைக்கு மழை. கிடங்குக் கூரை தகரம். நான் மாற்றுச் சட்டைகளோடு ஒரு மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தூரத்திலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்து ஒரு வெடி சுட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். அண்ணன் முறைப்படி துப்பாக்கியைத் திறந்து தோட்டாவைப் போட்டு, இன்ஸ்பெக்டர் வேஷக்காரரிடம் காட்டி, "சாப்பிட்டாச்சு" என்றார். அவரும் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சு" என்றார். துப்பாக்கியைத் தட்டில் வைத்துக்கொண்டு அண்ணன் காத்திருந்தார்.

ஈரத்தில் ரப்பர் துப்பாக்கிக்குச் சாயம் உரிந்துவிட்டதென்று மைக்காரி வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தாள். மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. டைரக்டர் வானத்தைப் பார்த்தார், ஒலிபெருக்கியை வாயில் வைத்தார். "கிட்டக்க இருக்கிறதை முதல்ல எடுத்துடுவோம். முகத்துல வெளிச்சம் இருக்கும்போதே. வெடி அப்புறம்." எல்லோருக்கும் கேட்டது. தட்டோடு நின்றவருக்கு மட்டும் கேட்கவில்லை, தோட்டாவை வெளியே எடுக்கவில்லை.

சாப்பாட்டு வண்டியும் அப்போதுதான் வந்து நின்றது. சோற்று வாசனை கிடங்கெல்லாம் பரவியது. காட்சி எண் எழுதிய அட்டையைப் பிடிக்கிற சின்னப் பெண் ஒருத்தி, இந்தப் படத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தவள், துப்பாக்கிப் பேச்செல்லாம் ஆசையாகக் கற்றுக்கொண்டவள், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"என்னண்ணே, சாப்பிட்டாச்சா பட்டினியா?"

துப்பாக்கி சாப்பிட்டதை இப்போதுதானே எல்லோருக்கும் முன்னால் காட்டினார்? அதை யார் திரும்பக் கேட்பார்கள்? சோறு வந்து நிற்கிற நேரத்தில் ஒரு பெண் பிள்ளை வந்து சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னார்.

"எங்கம்மா? காலையிலேர்ந்து பட்டினிதான்."

அவள் திரும்பி நின்று "பட்டினி!" என்று குரல் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் கையை நீட்டினார். அண்ணன் கொடுத்தார். ஏற்கனவே காட்டிவிட்ட துப்பாக்கி, மறுபடி திறக்கவில்லை. வாங்கியவரும் குனிந்து பார்க்கவில்லை. பெரிய நடிகர், அவரிடம் உள்ளே பாருங்கள் என்று யார் சொல்வது? தரையில் கிடந்த குண்டடியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒத்திகைதானே என்று விசையை அழுத்தினார்.

இஸ்திரிப் பெட்டியை நான் சட்டை மேலேயே விட்டுவிட்டு ஓடினேன். குண்டடி முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள், எப்போதும்போல நடிக்கிறான் என்று. மைக்காரி கையில் தூரிகையோடு வேனைச் சுற்றி ஓடி வந்தவள், பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து அவன் பேசினான். பேச்சு மட்டும் குறையவில்லை.

"காக்கியக்கா, இத்தனை தடவை செத்தேன், ஒரு சிராய்ப்பு இல்ல. வசனம் குடுத்தாங்க பாருங்க, அன்னைக்குப் புடிச்சுது சனி."

"வாயை மூடுடா. தலை அசையக் கூடாதுன்னாங்க."

"இனிமே ஒரு கண்ணை மூடுனாப் போதும், செத்துடலாம். பாதி வேலை மிச்சம்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மைக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாத முகம். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சங்கத்துல விசாரணை வைக்கப் போறாங்களாம். கேக்க வந்தவங்ககிட்ட நான் சொல்லிட்டேன். பக்கத்துலதான் படுத்திருந்தேன், அந்தப் பொண்ணு துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே கேக்கல, தானா பட்டினின்னு கத்திடுச்சுன்னு."

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

"வேற என்னான்னு சொல்லச் சொல்ற?"

"அவ கேட்டாடா. அவரு பதில் சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு. படுத்துக்கிட்டே சிரிச்சேன்க்கா, மாமன் பசி தாங்க மாட்டாரேன்னு. எனக்கே அப்ப ஒறைக்கல. ஒறைக்கிறதுக்குள்ள..." அவன் நிறுத்தினான். "மாமனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த மனுஷன் உசுரோட இருக்க மாட்டாரு. கண்ணு எனக்குத்தானே போச்சு? நான் சொல்றதுதான் கணக்கு."

"அந்தப் பொண்ணு பொழப்பு என்னாகுறதுடா?"

"சின்ன வயசுக்கா. வேற வேலை கெடைக்கும். மாமனுக்குக் கெடைக்குமா?"

அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டு எழுந்தாள். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள். "ஒலிபெருக்கியில சொன்னப்பவே எந்திரிச்சேன்க்கா. சாயம் கொட்டிடுமேன்னு டப்பாவுக்கு மூடி போட்டேன். மூடி போடாம ஓடியிருக்கணும். கொட்டுனா கொட்டிட்டுப் போகட்டுமே. என்ன பெரிய சாயம்." கறுத்த விரல்களால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியிலும் கறுப்பு ஒட்டியது. நான்தான் துடைத்துவிட்டேன்.

அண்ணனோ ஒன்றும் புரியாமல் வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுட்டபின் மருந்துக் கரி தங்கக் கூடாது, தங்கினால் இரும்பை அரிக்கும். அந்த இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எத்தனை தடவை துடைத்தார் என்று தெரியாது, துணி வெளுப்பாகவே வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னார்.

"ஷாட்டை மாத்துனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா காக்கியக்கா? ஒருத்தர் சொல்லல. அந்தப் பொண்ணு என்கிட்ட துப்பாக்கியப் பத்தி வாயே தொறக்கல. தொறந்திருந்தா விட்டிருப்பனா? என் மச்சான்க்கா அவன். நான் தோள்ல ஏத்தி வளத்தவன். ஏன் அந்தப் பொண்ணு இப்படிப் பொய் சொல்லுது?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் குரலில்லாமல், தெரியலீங்க என்று வாயசைத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பெண் எங்கள் சந்துக்கே வந்துவிட்டாள். குடை இல்லை, தலை நனைந்து ஒட்டியிருந்தது. அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் மைக்காரி ரப்பர் துப்பாக்கிகளைத் தண்ணீரில் அலசிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் படியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க வேனுக்குப் பின்னாடிதானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"நான் கத்தித்தான் கேட்டேன். சாப்பிட்டாச்சா பட்டினியான்னு. அண்ணன் பட்டினின்னாரு. உங்க காதுல விழுந்திருக்குமேக்கா."

மைக்காரி ஒரு துப்பாக்கியை எடுத்து உதறினாள். இன்னொன்றை எடுத்து உதறினாள்.

"மழைம்மா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா. எங்க வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைக்கு வந்தேன். போனா போகுது, வேலை போனாக்கூடப் பரவாயில்ல. ஒரு ஆளோட கண்ணைக் கெடுத்தவன்னு சொல்றாங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனேன், அந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்காம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"தலையைத் துவட்டிக்கம்மா. காய்ச்சல் வந்துடும்" என்று மைக்காரி துண்டை நீட்டினாள். அந்தப் பெண் துண்டை வாங்காமல் போய்விட்டாள். மைக்காரி அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி சந்து முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. நான் கொண்டுபோன சோற்றையும் அண்ணன் ஒருவர்தான் சாப்பிட்டார்.

சங்கத்துக் கட்டடம் பழைய அச்சகம். மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், இரண்டு பெரியவர்கள். நல்லவேளை, தலைவருக்கு மீசை இல்லை. மைக்காரி புருஷனை அவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் தலைவர் முகத்தில் விழுகிற மாதிரி இடம் பார்த்து உட்கார வைத்தாள். தான் பின்னால் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஓரத்தில் தனியாக நின்றாள். அவளுக்கு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் எழுந்து ஒன்றை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

தலைவர் நிதானமாகக் கேட்டார். அண்ணன் அவர் வாயைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். தோட்டா போட்டேன், காட்டினேன், சொன்னேன், அவரும் சொன்னார். மாற்றியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்தப் பொண்ணு துப்பாக்கியைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் வரவில்லை, பட்டினி என்று குரல் வந்ததால்தான் வாங்கினேன் என்று ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். குண்டடி சொன்னதையும் தலைவர் எடுத்துச் சொன்னார்.

"அடிபட்டவனே சொல்றான் நீ கேக்கலைன்னு. அவனுக்கு உன் மேல என்னம்மா பகை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

 அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"கேட்டேன்னுதான் சார் நெனச்சேன். தூங்குனாக்கூட கேக்குற மாதிரிதான் கனவு வருது. ஆனா எல்லாரும் இல்லேங்குறாங்க. ஒருவேளை நான் கேக்கவே இல்லையோ என்னவோ. மனசுக்குள்ள கேட்டுட்டு, வாய்விட்டுக் கேட்டதா நெனச்சுக்கிட்டேனோ என்னவோ சார். எனக்கு இப்பல்லாம் எது நெசம்னே தெரிய மாட்டேங்குது. என் தப்புன்னே வச்சுக்குங்க சார். நான்தான் அவரு கண்ணைக் கெடுத்தேன்."

என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. மைக்காரி எழுந்துவிட்டாள். புடவையைப் பிடித்து இழுத்தேன், என் கையை எடுத்துவிட்டாள். புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். எப்போதும் செய்கிற மாதிரி முழங்கையைத் தொடப் போகிறாள் என்று நினைத்தேன். தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள்.

நல்ல தெளிவான குரல். புருஷனோடு அவள் குரல்விட்டுப் பேசிக் கேட்டு எனக்கே நாளாகியிருந்தது.

"ஏங்க, அந்தப் பொண்ணு கேட்டா. சாப்பிட்டாச்சா பட்டினியான்னு துப்பாக்கியத்தான் கேட்டா. நீங்க பட்டினின்னு சொன்னீங்க. நான் என் காதால கேட்டேன். தம்பி கண்ணு உங்களாலதாங்க போச்சு."

 அண்ணன் தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த கேள்விக்குத் தயாராக, மரியாதையாக லேசாகச் சிரித்துக்கொண்டு.  அந்தப் பெண் முகத்திலிருந்து கையை எடுத்தாள். ஒரு பெரியவர் "அட கடவுளே" என்றார். அதுவும் அவர் மீசைக்குள்ளேயே அடங்கிப்போனது.

எல்லோரும் தன் தலைக்கு மேலே பார்ப்பதைக் கண்டுதான் அண்ணன் திரும்பினார்.

"நீ எங்க இங்க வந்து நிக்குற? ஏதாச்சும் சொன்னியா?"

மைக்காரி சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் இல்லை. அவருக்குப் புரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, உதடு தெரியச் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. நான் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவி மகளே, அந்தக் கடைசி வரியையாவது விழுங்கிவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அண்ணனின் குரல்தான் என்னைத் திருப்பியது. காது கேட்காதவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. இத்தனை நாள் அவள் கையசைத்து அதையும் அடக்கிவைத்திருந்தாள். இப்போது கட்டடமே கேட்க வந்தது.

"நான் என் வயித்தத்தானடி சொன்னேன்?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று வாயசைத்தாள்.

"எப்ப தெரியும்?"

அப்பவே.

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் சுவர் ஓரம் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்த அழுகையும் அவருக்குக் கேட்டிருக்காது.

"தெரிஞ்சும் ஏண்டி அவன் அந்தப் பொண்ணு மேல சொன்னான்? என்னை ஏன் காட்டிக் குடுக்கல?"

மைக்காரியின் வாய் திறந்தது, மூடியது. உதடு நடுங்கியதே தவிர, ஒரு சொல்லும் உருவாகவில்லை. அவர் குனிந்து, அவள் முகவாயை நிமிர்த்தி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, பதிலுக்காக அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.